முந்திரிகை ரசம்

ப்ளுக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் ப்ளுக். ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் முதலில் இருந்த வீட்டின் குசினி மூலையில், சுவரோடு சேர்ந்த வெப்பமூட்டிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கண்ணாடிச் சாடி இருந்தது. அதன் வாயை அடைத்த தக்கையில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று செருகியிருக்கும். குழாயின் வளைவில் கொஞ்சம் தண்ணீர். சாடிக்குள் இருந்த செர்ரிப்பழச் சாறு புளித்துக் காற்றை விடும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் ஒருமுறை துள்ளி விழும். அதுதான் அந்தச் சத்தம். எனக்கு அது எரிச்சலூட்டும் சத்தம். அத்தானுக்கோ அது மூச்சு. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, சாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பார். "எப்ப அத்தான் இது முடியும்?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "சத்தம் நிக்கட்டும் பிள்ளை. பிறகு பாப்பம்."

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில் அக்காவையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தனியே டென்மார்க்குக்கு வந்தவர். எனக்கும் என் கணவருக்கும் அதற்கு முன்பே இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தபடியால், முகாமில் கேட்டு அவரை எங்களோடு கூட்டி வந்து வைத்திருந்தோம். அவருக்கு அகதி அனுமதி கிடைத்தால்தான் அக்காவையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் அவரையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு கதை இருந்ததாக நினைவில்லை. சோற்றைப் பிசையும்போதும் அதுதான், பூசைக்குப் போகும் பேருந்திலும் அதுதான்.

ஊரில் அத்தான் ஒரு துறவி மடத்தில் திராட்சை மது செய்தவர். சிறுவயதில் துறவியாகப் போகிறேன் என்று மடத்துக்குள் போனவர், செப நேரத்தில் நித்திரை தூங்கித் தூங்கி அகப்பட்டுக்கொண்டே இருந்தாராம். "செபத்திலைதான் நித்திரை வரும். பீப்பாய் அறையிலை ஒரு பொட்டு நித்திரையும் வராது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மடத்துப் பெரியவர் கடைசியில், நீ துறவியாக வேண்டாம், பீப்பாய்களைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார். அப்படித் தொடங்கிய வேலை. பின்னாளில் கொடியிலிருந்து குலையை வெட்டுவது முதல் போத்தலில் அடைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்புக்கு வந்தது. சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் கோயில்களின் பூசைக்கெல்லாம் அந்த மடத்து மதுதான் போனது. அத்தான் அதை வாயில் விட்டுப் பார்த்துத் துப்புவாரே தவிர, ஒருநாளும் குடித்ததில்லை.

ஆனால் அவர் 'வைன்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் சொல்லமாட்டார். அதற்குக் காரணம் என் அப்பா. அக்காவுக்கு இவரைப் பேசி வந்தபோது, "தவறணைக்காரனுக்குப் பெட்டை குடுக்கிறதோ?" என்று அப்பா வாசலிலேயே குதித்தார். பங்குச் சுவாமியார் வந்து, "அவன் சாராயம் காய்ச்சிறவன் இல்லை. ஆண்டவற்ற மேசைக்கு முந்திரிகை ரசம் செய்யிறவன்" என்று சொன்ன பிறகுதான் அப்பா கதிரையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. செபப் புத்தகத்திலும் பூசையிலும் அதுதான் சொல். அன்றிலிருந்து அத்தானுக்கு அந்தச் சொல் கேடயமாகிவிட்டது. யார் என்ன வேலை என்று கேட்டாலும் நிமிர்ந்து நின்று "முந்திரிகை ரசம் செய்யிறனான்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் கௌரவத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். பின்னால் அந்த ஒரு சொல்லை நினைத்து நான் தலையில் அடித்துக்கொள்வேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர் ஊரைவிட்டு ஓடியதற்குக் காரணம் கந்தகம். வெறும் பீப்பாய் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, உள்ளே கொஞ்சம் கந்தகத்தைக் கொளுத்திப் புகையூட்டி மூடி வைப்பார்கள். அதற்கென்று ஒரு பழைய பிஸ்கற் தகரம் நிறைய மஞ்சள் கந்தகம் அவருடைய அறையில் இருந்தது. சுற்றிவளைப்பில் வந்த இராணுவம் அந்தத் தகரத்தைத் திறந்து பார்த்தது. கந்தகம் இருந்தால் குண்டு செய்பவன். அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. உள்ளங்காலில் அடித்தார்கள். பெரிய சுவாமிமார் போய்க் கெஞ்சி வெளியே எடுத்தபோது அவரால் செருப்புப் போட முடியவில்லை. மறுபடி பிடித்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்று அக்காதான் பிடிவாதமாக அனுப்பினாள். கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலும் கப்பலுமாக வந்து சேர்ந்தார். குளிர் கூடிய நாட்களில் அவர் குதிக்காலால் நடப்பதைப் பார்ப்பேன். நான் பார்ப்பது தெரிந்தால் நேராக நடப்பார்.

முதல் விசாரணைக்கு அவர் போனபோது அங்கே மொழிபெயர்க்க வந்திருந்தவர் மெட்ராஸ்காரர். நல்ல மனுசர் என்றே அத்தான் சொன்னார். கோட்டுப் போட்டு, மெதுவாகப் பேசி, "பயப்படாதீங்க, நிதானமா சொல்லுங்க" என்றாராம். எங்கள் தமிழ் அவருக்கு அரைவாசி, அவர் தமிழ் அத்தானுக்கு முக்கால்வாசி. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த அத்தான், சப்பாத்தைக் கழற்றாமலே நின்று யோசித்தார்.

"பிள்ளை, விசர்க் கேள்வியெல்லாம் கேக்கினம். ஒரு நாளைக்கு எவ்வளவு வைப்பீங்கள் எண்டு கேக்கினம். ஒரு நாளிலை எப்பிடி? ஒரு வருசம் செல்லும் எண்டன். எத்தினை பேர் சாப்பிடுவினம் எண்டு கேட்டினம். ஒருத்தரும் சாப்பிடுறேல்லை, சுவாமி மட்டும் ஒரு மிடறு குடிப்பார் எண்டன். சூடாவோ எண்டு கேட்டினம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சூடாக்கினால் பழுதாப் போகும் எண்டன்."

இந்த நாட்டில் வைனைச் சூடாக்கிக் குடிக்கிறவர்கள் உண்டு, அதனால்தான் கேட்டிருப்பார்கள் என்று என் கணவர் சமாதானம் சொன்னார். நாங்களும் நம்பினோம். கந்தகத்தைப் பற்றி, அடியைப் பற்றி எல்லாம் ஒன்று விடாமல் சொன்னதாக அத்தான் சொன்னார். அக்காவுக்கு, எல்லாம் நல்லாகப் போனது என்று செய்தி அனுப்பினோம்.

கோடை தொடங்கும் நேரத்தில் மறுப்பு வந்தது. அவருக்கென்று ஒரு பெண் வழக்கறிஞரை ஒழுங்குசெய்து கொடுத்தார்கள். நரைத்த குட்டை முடி, எப்போதும் ஒரே கம்பளிச் சட்டை. எனக்கு அப்போது டேனிஷ் மட்டுமட்டு. அவர் காரணத்தை மெல்ல மெல்லச் சொல்ல, நான் அத்தானுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. 'சுப்ப' என்கிறார். சுப்ப என்றால் சூப். இவருடைய வேலை குருமாருக்குக் கஜுக்கொட்டைச் சூப் வைப்பது. சூப் வைக்கிற ஒருவருக்கு ஒரு தகரம் நிறையக் கந்தகம் எதற்கு? இந்தக் கதை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே நம்பமுடியாது.

"கஜுவோ? ஆர் கஜுவைப் பற்றிக் கதைச்சது?" என்று அத்தான் என்னைக் கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். மெட்ராஸ் பக்கம் முந்திரி என்றால் கஜு. ரசம் என்றால் சோற்றில் விட்டுச் சாப்பிடுகிற மிளகு ரசம். எனக்கு விளங்கிய அதே நேரத்தில் அவருக்கும் விளங்கியது. சிரிப்பார் என்று நினைத்தேன். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒரு வருசம் வைக்கிற ரசம்" என்றார். "ஒருத்தரும் சாப்பிடாத ரசம். என்னை விசரன் எண்டெல்லோ நினைச்சிருப்பினம்."

வைன் என்று ஒரு சொல், இரண்டெழுத்து, அதைச் சொல்லியிருந்தால் உலகத்தில் யாருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மெட்ராஸ்காரரைத் திட்டினேன், செத்துப்போன அப்பாவைத் திட்டினேன், அத்தானையும் விட்டுவைக்கவில்லை. அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டேனிஷில் அதற்கு என்ன சொல் என்று கேட்டார். 'வீன்' என்றேன். "வீண்" என்று திருப்பிச் சொன்னார். "சரியாத்தான் வைச்சிருக்கிறாங்கள்."

மேல்முறையீடு செய்தோம். ஆனால் இப்போது போய், நான் சூப் வைக்கவில்லை, வைன் செய்தேன் என்றால், மறுத்த பிறகு கதையை மாற்றுகிறான் என்பார்கள் என்று வழக்கறிஞர் பயந்தார். மடத்தில் இருந்து ஒரு சாட்சிக் கடிதமாவது வராதா என்று கேட்டார். மடத்தைச் சுற்றி ஷெல் விழுந்துகொண்டிருந்தது. கடிதம் போகவுமில்லை, வரவுமில்லை.

அந்த நாட்களில்தான் ஒருநாள் சாமான் வாங்க அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். சீனி எடுக்கப் போனவரைக் காணவில்லை. தேடிப் போனால் ஒரு தட்டுக்கு முன்னால் சிலைமாதிரி நிற்கிறார். வீட்டில் பழ வைன் செய்கிற ஆட்களுக்கான தட்டு அது. டேனிஷ்காரருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஈஸ்ட் பக்கற்றுகள், தக்கைகள், வளைந்த கண்ணாடிக் குழாய்கள். அவற்றுக்கு நடுவே, குழந்தைகளுக்குக்கூட எட்டுகிற உயரத்தில், மெல்லிய மஞ்சள் பட்டிகளாகக் கந்தகம். மாவுக்கும் ஜாம் போத்தலுக்கும் பக்கத்தில். அத்தான் ஒரு பக்கற்றை எடுத்து மணந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. "இது கடையிலை விக்கிற சாமானோ பிள்ளை?" என்றார். "கடையிலை விக்கிற சாமானுக்கோ எனக்கு அடிச்சவங்கள்?" ஆட்கள் வண்டில்களைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்தப் பட்டிகளையும், ஒரு சாடியையும், ஈஸ்டையும் வாங்கி வந்தோம். வழக்கறிஞருக்குச் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. செய்யட்டும், செய்ததைப் போத்தலில் கொண்டுபோய் விசாரணை மேசையில் வைப்போம், கந்தகம் எதற்கென்று அங்கேயே சொல்லட்டும் என்றார். கீழ்வீட்டுக்காரியின் தோட்டத்தில் ஒரு புளிச்செர்ரி மரம் நின்றது. குருவிகள் தின்று மிஞ்சியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அத்தான் ஏணியில் ஏறி நின்று ஒவ்வொன்றாகப் பறித்தார். ஊர் முந்திரிகையின் இனிப்பு இதில் இல்லை, சீனி போடாமல் சரிவராது என்று அதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல் என்னிடம் சொன்னார். முதலில் சாடி பொங்கி நுரைத்தது. பிறகு அடங்கி, ப்ளுக், ப்ளுக் என்று பேசத் தொடங்கியது.

இலையுதிர்காலத்தில் வழக்கறிஞர் ஒரு போத்தல் கேட்டார். அத்தான் கொடுக்கவில்லை. இன்னும் சத்தம் நிற்கவில்லை, இப்போது அடைத்தால் போத்தல் வெடிக்கும், கலங்கலைக் கொண்டுபோய் வைத்தால் இவன் வைன்காரன் இல்லை என்றுதானே நினைப்பார்கள் என்றார். அக்காவிடமிருந்து யார் யாரோ மூலமாகச் செய்தி வரும். ஷெல்லுக்குப் பயந்து வீட்டைவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டோம். மூத்தவளுக்குக் காய்ச்சல். இன்னும் எவ்வளவு நாள்? அத்தான் சாடிக்கு முன்னால் போய் இருப்பார். செபமாலையைக் கையில் வைத்திருப்பார். அவர் செபிக்கிறாரா, சத்தத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் எண்ணுகிறாரா என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகை மாதத்து ஒரு காலை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்த அத்தான், "பொலிஸ்" என்றார். கீழே பொலிஸ் வாகனம் நின்றது. ஒருவர் இறங்கி எங்கள் வாசலைப் பார்த்து வந்தார். நான் கையைத் துடைப்பதற்குள் அத்தான் சாடியைத் தூக்கிவிட்டார். அந்த மெலிந்த மனிதர் எப்படித் தூக்கினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. குளியலறைக்குள் ஓடிக் குழாயைப் பிடுங்கிச் சாடியைக் கவிழ்த்தார். "அத்தான், விடுங்கோ! இது இங்கை குற்றமில்லை, விடுங்கோ!" என்று கத்திக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் காது கேட்கவில்லை. குளியல் தொட்டி முழுக்கச் சிவப்பு. கந்தகப் பட்டிகளைக் கிழித்துக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்து இழுத்து விட்டார். வாசலில் மணி அடித்தது.

வந்தவர் இளம் பொலிஸ்காரர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேல்விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று சொல்ல வந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு மூக்கைச் சுருக்கி மணந்து பார்த்துச் சிரித்தார். செர்ரியா என்று கேட்டார். தன் மாமனாரும் வருடம் தவறாமல் செய்வதாகவும், வாயில் வைக்க முடியாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு குளியலறைக் கதவைத் திறந்தேன். அத்தான் தொட்டிக்குப் பக்கத்தில், சிவந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி முழங்காலில் நின்றார்.

"போயிட்டார் அத்தான்."

"என்னத்துக்காம் வந்தவர்?"

சொன்னேன். அவர் கையை இறக்கவில்லை. "அப்ப என்னை நம்பப் பண்ண இருந்த ஒண்டையும் நானே ஊத்திப்போட்டன்" என்றார். வீடு பல நாட்களுக்கு மணத்தது. நல்ல மணம் என்று கீழ்வீட்டுக்காரி சொன்னாள்.

வெறுங்கையோடுதான் விசாரணைக்குப் போனார். இந்தமுறை மொழிபெயர்க்க வந்தது ரண்டர்ஸில் இருந்த எங்கள் ஊர்ப் பெடியன். அவன் 'வீன்' என்று சரியாகச் சொன்னான். முதலில் சூப் என்றீர்கள், இப்போது வைன் என்கிறீர்கள், எது உண்மை என்று கேட்டார்களாம். "ரெண்டும் ஒரே சொல்லுத்தான் ஐயா" என்றாராம் அத்தான். முந்திரிகையையும் கஜுவையும் பற்றிப் பெடியன் தன்னால் முடிந்தமட்டும் விளக்கியிருக்கிறான். கேட்டவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பழம் எப்படிக் கொட்டையானது என்று மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் அனுமதி கிடைத்தது. அவருடைய கதையை நம்பிக் கிடைக்கவில்லை. அந்த நாட்டுக்கு இப்போது யாரையும் திருப்பி அனுப்ப முடியாத நிலைமை, அதனால் இருக்கலாம் என்றார்கள். நான் துள்ளிக் குதித்தேன். அத்தான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். "இருக்க விட்டிட்டாங்கள். நம்பேல்லை" என்றார். நம்பாமல் கொடுத்த அனுமதியை எந்த நேரமும் பறித்துவிடுவார்கள் என்ற பயம் அவரைவிட்டுப் போகவேயில்லை. அக்காவும் பிள்ளைகளும் வந்து சேரப் பிறகும் வருடக்கணக்கானது. விமான நிலையத்தில் சின்னவள் அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த மாமா யார் என்று கேட்டாள்.

இதற்கிடையே அவருக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள். ஊரில் சமையல்காரராக இருந்தவர், சூப் வைப்பதில் அனுபவமுள்ளவர் என்று எங்கிருந்தோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்த்தார்கள். திருத்தச் சொல்லுங்கள் என்று நான் சண்டை பிடித்தேன். "சூப்புக்காரனைத்தான் அவங்கள் நம்பினவங்கள் பிள்ளை. விடு" என்றார். ஓய்வு பெறும்வரை, ஆள் உயர இரும்புப் பானைகளில் நோயாளிகளுக்குச் சூப் வைத்தார். ஒருமுறைகூடப் பிறகு பழம் பிழியவில்லை. பழ வைன் செய்வதைப் பற்றி அங்கே கூட வேலைசெய்தவர்கள் கதைத்தால் எழும்பிப் போய்விடுவார். பூசையில் மட்டும், குருவானவர் கிண்ணத்தை உயர்த்திக் குடிக்கிற நேரம் அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பார். நல்லதா இல்லையா என்பது அந்த முகத்தில் தெரியுமாம்.

அக்கா போய்விட்டாள். அத்தான் இப்போது பிளையஹெம் என்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிறார். முப்பது வருடம் கதைத்த டேனிஷ் அவரைவிட்டு முழுதாகப் போய்விட்டது. நுரையீரல் பலவீனம், மூக்கில் ஒட்சிசன் குழாய். போன கிழமை அக்காவின் சின்ன மகளான என் பெறாமகளோடு பார்க்கப் போனேன். புதிதாக வந்த தாதிப் பெண் ஒருத்தி கட்டிலில் குனிந்து, முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று அவரைக் கேட்டாள். நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். அத்தான் தலையணையிலிருந்து தலையை நிமிர்த்தினார். அந்தப் பழைய கௌரவம் முகத்துக்கு வந்தது.

"முந்திரிகை ரசம் செய்யிறனான்."

பெறாமகள் சிரித்துக்கொண்டு தாதியிடம் திரும்பினாள். அவளுக்கு ரசம் என்றால் என் வீட்டில் தடிமன், காய்ச்சல் வந்தால் வைத்துக் கொடுக்கிற ரசம்தான். "சுப்ப" என்றாள்.

"இல்லை. வீன்!" என்றேன் நான். அந்த அறைக்கு அது பெரிய சத்தம். இத்தனை வருடமும் தகப்பனைச் சமையல்காரர் என்றே நினைத்திருந்த பிள்ளை என்னைத் திகைத்துப் பார்த்தாள். தாதி குழம்பிப்போய், சூப்பா, வைனா, எது என்று சிரித்தபடி கேட்டாள். அதே கேள்வி.

அத்தான் எங்கள் மூன்று பேரையும் பார்க்கவில்லை. தலையைச் சரித்துச் சுவர்ப்பக்கம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒட்சிசன் அவருக்குப் போகுமுன் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுக்குள்ளால் வரும். அதற்குள் குமிழி எழும்பிக்கொண்டிருந்தது. ப்ளுக். ப்ளுக். ஒரு விரலைத் தூக்கி எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார்.

"சத்தம் நிக்கட்டும்" என்றார். "பிறகு பாப்பம்."

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அந்தப் போத்தலுக்கு முன்னால் இருந்தேன். அது நிற்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.